பசை பட்ட விளிம்பு: பெருந்தமனி அறுவையில் ஒட்டுப்பொருள் தரும் சிக்கல்கள்

பெருந்தமனியின் சுவர் பிளந்து வரும் நோயாளிக்குச் செய்யும் அறுவையில் கடைசிக் கட்டம் பெரும்பாலும் கசிவோடு நடக்கும் மல்லுக்கட்டுதான். கிழிந்த பகுதியை வெட்டியெடுத்து டேக்ரான் என்ற செயற்கைத் துணிக்குழாயைத் தைத்தாயிற்று. ஆனால் ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றிலும் ரத்தம் துளிர்த்து நிற்கிறது. இதய நுரையீரல் இயந்திரத்துக்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரினை முழு அளவு ஏற்றியிருக்கிறார்கள். உடலைக் குளிரவைத்திருக்கிறார்கள். தட்டணுக்கள் பாதி செத்துவிட்டன. தையலை இன்னும் இறுக்கினால் நூல் சுவரையே அறுத்துக்கொண்டு வரும். அந்த நேரத்தில் ஸ்க்ரப் நர்ஸ் நீட்டும் பசைச் சிரிஞ்சைப் பார்த்தால் எந்த அறுவை மருத்துவருக்கும் நிம்மதியாகத்தான் இருக்கும்.

அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. சிலருக்கு அது அன்றிரவே தெரியும், சிலருக்கு ஐந்து வருடம் கழித்து ஒரு சிடி ஸ்கேனில் தெரியும். சிங்கப்பூரின் இதய அறுவைக் கூடங்களில் வேலை செய்யும் தமிழ் நர்ஸுகள், இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்டுகள், பயிற்சி மருத்துவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். அறுவை முடிந்து வீடு திரும்பிய நோயாளியின் குடும்பத்துக்கும் கடைசிப் பகுதி உதவும்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பசை சரியாக ஒட்டாமல் வரும் தொல்லை குறைவு. ரத்தம் கசியும், கண்ணுக்குத் தெரியும், இன்னொரு தையல் போடலாம். பசை நன்றாக ஒட்டிய இடத்தின் ஓரத்தில் வரும் தொல்லையும், ஒட்டவே கூடாத இடத்தில் அது போய் ஒட்டிக்கொள்வதால் வரும் தொல்லையும்தான் ஆளைக் கொல்பவை.

எதை வைத்து ஒட்டுகிறோம்

இந்தக் கதை 1970களின் பிற்பகுதியில் பிரான்சில் தொடங்குகிறது. கில்மே, பாஷே ஆகியோரின் குழு ஜெலட்டின்–ரெசார்சினால் கலவையைச் சூடாக்கி, அதில் ஃபார்மால்டிஹைடு கலந்து, பிளந்த சுவரின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பூசியது. சுருக்கமாக ஜிஆர்எஃப் பசை என்பார்கள். கூழ்போல நைந்திருந்த சுவர் ஊசியைத் தாங்கும் அளவுக்குக் கெட்டியானது. உயிர்கள் பிழைத்தன. ஆனால் ஃபார்மலினை மேசையிலேயே கலக்கவேண்டும். எவ்வளவு கலப்பது என்பது கலப்பவர் கையைப் பொறுத்தது. 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் ஜப்பானிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஒரே மாதிரியான செய்திகள் வந்தன: பெருந்தமனி இதயத்திலிருந்து கிளம்பும் வேர்ப்பகுதியில், பசை போட்ட இடத்தில், மறுபடி பிளவு, தையல் விட்டுப்போய்ப் போலி ரத்தநாள வீக்கம், வால்வில் பின்கசிவு. மறு அறுவையில் திறந்து பார்த்தால் சுவரின் நடுவுறை செத்துக் கிடந்தது.

அதன் இடத்தைப் பிடித்தது பயோகுளூ. மாட்டின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆல்புமின் 45 சதவீதக் கரைசலாக ஒரு குழலில், குளூட்டரால்டிஹைடு 10 சதவீதக் கரைசலாக இன்னொரு குழலில். இரண்டும் 4:1 கன அளவில் நுனியிலேயே கலந்து வரும். கை அளவுக்கு இடமில்லை என்பதுதான் பழைய பசையைவிட இதில் உள்ள பெரிய முன்னேற்றம். 20 முதல் 30 நொடியில் இறுகத் தொடங்கும், 2 நிமிடத்தில் முழுப் பலத்தை எட்டும். அமெரிக்காவின் மருந்து, சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999இல் மார்புப் பெருந்தமனியின் திடீர்ப் பிளவுக்கு மட்டும் சலுகை அனுமதி தந்தது. 2001 டிசம்பரில் பெரிய ரத்தநாளங்களின் திறந்த அறுவையில் தையலுக்குத் துணையாகப் பயன்படுத்த முழு அனுமதி தந்தது. அந்த 'துணையாக' என்பதை மறப்பவர்கள் அதிகம். தையல் இல்லாத இடத்தை மூடுவதற்கான பொருள் இல்லை அது.

மற்றவை மூன்று வகை. மனிதப் பிளாஸ்மாவிலிருந்து வரும் ஃபைப்ரினோஜன்–திராம்பின் பசை மென்மையானது, திசுவுக்கு நச்சில்லை, இரண்டு வாரத்தில் கரைந்துபோகும். ஆனால் அழுத்தத்தைத் தாங்காது. பாலிஎதிலீன் கிளைகால் அடிப்படையிலான கோசீல் முற்றிலும் செயற்கை, ஏறக்குறைய 30 நாளில் கரையும். சயனோஅக்ரிலேட் வகைப் பசைகளும் உண்டு. அவை இறுகும்போது வெப்பத்தை வெளியிடும். நல்ல பிடிப்பு உள்ள பசை திசுவைக் காயப்படுத்தும், திசுவைக் காயப்படுத்தாத பசைக்குப் பிடிப்பு குறைவு. இரண்டும் சேர்ந்த ஒன்று இதுவரை கைக்கு வரவில்லை.

விளிம்பில் நடப்பது

குளூட்டரால்டிஹைடு புரதங்களின் அமீன் முனைகளைப் பிடித்து ஒன்றோடொன்று பின்னிவிடும். ஆல்புமினோடு ஆல்புமினையும் பின்னும், ஆல்புமினோடு பெருந்தமனிச் சுவரையும் பின்னும். பசையின் பிடிப்பு இதுதான். தோல் பதனிடும் தொழிலில் நடப்பதும் இதே வேலைதான். பதப்பட்ட தோல் உறுதியானது, ஆனால் அதில் உயிரில்லை. பசை பட்ட சுவரும் அப்படியே. அதில் தசைச் செல்கள் பிழைக்காது, நுண்ணிய ரத்தக்குழாய்கள் மூடிக்கொள்ளும், நார்த்திசு புதிதாக வளராது.

கணக்கைப் பாருங்கள். 4:1 கலவையில் 10 சதவீதம் என்பது கலந்தபின் 2 சதவீதமாகிறது. இதய உறைத் துண்டை ஒட்டுப்போடும் முன் ஊறவைக்கும் கரைசலில் குளூட்டரால்டிஹைடு 0.6 சதவீதம்தான், அதையும் நன்றாக அலசிவிட்டே தைக்கிறோம். பசையை யாரும் அலசுவதில்லை. வினையில் சேராமல் மிஞ்சிய குளூட்டரால்டிஹைடு இறுகிய பசையிலிருந்து மெல்லக் கசிகிறது, அது செல்களைக் கொல்கிறது என்று 2005இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

இதன் விளைவு வினோதமானது. பசைக்குள் இருக்கும் சுவர் கெட்டி, அதைத் தாண்டி இருக்கும் சுவர் மென்மையானது. ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் மென்மையான பகுதி விரிந்து சுருங்குகிறது, கெட்டிப் பகுதி அசைய மறுக்கிறது. இழுபடுவது இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லைக்கோடு. அந்தக் கோட்டில்தான் நடுவுறை செத்துப்போகிறது, தையல் நூல் வெட்டிக்கொண்டு வெளியே வருகிறது, போலி வீக்கம் கிளம்புகிறது. அளவு கூடக்கூட இந்த எல்லை நீளமாகிறது, ஆழமாகிறது. 'இன்னும் கொஞ்சம் போட்டு வைப்போம்' என்ற எண்ணம் வேறு பல வேலைகளில் பாதுகாப்பு. இங்கே அது நேரெதிர்.

வளரும் குழந்தைகளுக்கு இது இன்னொரு வடிவம் எடுக்கிறது. பன்றிக்குட்டிகளில் பெருந்தமனி இணைப்பைச் சுற்றிப் பூசிப் பார்த்தபோது, அந்த இடம் வளரவில்லை. உடல் வளர வளர இணைப்பு குறுகிப்போனது. 2002இல் வெளியான சோதனை இது. வளரவேண்டிய எந்த நாளத்தையும் முழு வளையமாகச் சுற்றிப் பசை பூசக்கூடாது என்ற எச்சரிக்கை இதனால்தான்.

மேசையில் செய்யவேண்டியது

சேமிப்பிலிருந்து தொடங்கலாம். பயோகுளூவும் கோசீலும் 25 டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும். உறைய விடக்கூடாது. பகலில் 31, 32 டிகிரி அடிக்கும் ஊரில் ஏர்கான் இல்லாத பொருள்கிடங்கோ லாரியின் பின்பக்கமோ இதற்கு ஒத்துவராது. உறைநிலையில் வரும் ஃபைப்ரின் பசைக்கு நேர்மாறான சிக்கல். மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்து உருக நேரம் ஆகும் என்பதால், கசிவு தொடங்கியபின் கேட்டால் கிடைக்காது. பெரிய இணைப்பு தொடங்கும்போதே சர்க்குலேட்டிங் நர்ஸிடம் சொல்லிவிடவேண்டும்.

பசைக்கு முன் தையலைச் சோதிக்கவேண்டும். ஊசி ஓட்டையிலிருந்து துளிர்ப்பது வேறு, இரண்டு தையலுக்கு நடுவே ஒழுகுவது வேறு. ஒழுகும் இடத்துக்கு ஃபெல்ட் துண்டு வைத்த இன்னொரு தையல் வேண்டும். பசையால் அதை மூடினால், ரத்தம் பசையின் அடியில் தேங்கி, மார்பை மூடிய பிறகு அதைப் பெயர்த்துக்கொண்டு வரும்.

அடுத்தது உலர்த்துவது. ஈரத்தில் பசை பிடிக்காது, மேலே மிதக்கும். காஸ் துணியால் ஒற்றி எடுத்தபின் பூசவேண்டும். நுனியில் முதலில் வருவது சரியாகக் கலக்காத கலவை. அதை வெளியே பிழிந்துவிட்டு, நிறம் சீராக, குமிழி இல்லாமல் வரத் தொடங்கியபின் சுவருக்குக் கொண்டுபோகவேண்டும். நடுவில் சில நொடி நிறுத்தினால் நுனிக்குள்ளேயே இறுகிவிடும். அப்போது கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பது மோசமான பழக்கம். அடைப்பு விட்டதும் வேண்டாத அளவு ஒரே பீய்ச்சலாக வரும். உபரி நுனி மேசையில் பிரித்து வைத்திருக்கவேண்டும், மாற்றவேண்டும். பூசியபின் 2 நிமிடம் யாரும் தொடக்கூடாது. கடிகாரத்தைப் பார்த்து யாராவது உரக்கச் சொல்வது நல்லது, ஏனென்றால் அறுவையின் நடுவில் 40 நொடி எல்லாருக்கும் 2 நிமிடமாகத் தெரியும்.

இனி, பல கைநூல்கள் ஒரே வரியில் கடந்துபோகும் விஷயத்துக்கு வருகிறேன். நாளத்துக்குள் அழுத்தம் இருந்தால் ஓட்டைகளில் ரத்தம் வரும், பசை பிடிக்காது. அழுத்தம் இல்லாமல் காலியாக இருந்தால் பசை பிடிக்கும், ஆனால் அதே ஊசி ஓட்டைகள் வழியாக உள்ளேயும் போகும். 2005இல் ஹூஸ்டனின் லெமேர் குழு இதைத்தான் காட்டியது: பெருந்தமனித் திசுவிலும் செயற்கைக் குழாயிலும் ஊசி ஓட்டைகள் வழியாகப் பசை உட்புறம் எட்டிப் பார்த்தது. இதற்கு மேல் இடது வென்ட்ரிக்கிளில் (இதயத்தின் இடது கீழறையில்) வென்ட் என்ற உறிஞ்சுகுழாய் உறிஞ்சிக்கொண்டிருந்தால், உள்ளே எதிர்மறை அழுத்தம் உண்டாகி, இறுகாத பசையைத் தானே இழுத்துக்கொள்ளும். ஆகவே சிரிஞ்சைத் தூக்கும் முன் பெர்ஃபியூஷனிஸ்டிடம் "வென்ட் நிறுத்துங்க" என்று சொல்லி, "நிறுத்தியாச்சு" என்ற பதில் காதில் விழவேண்டும். தலையாட்டல் போதாது. பூசிய இடத்துக்கு அருகே உறிஞ்சுகுழாயும் வேண்டாம். சிந்திய பசை ரத்தச் சேமிப்பு இயந்திரத்துக்குள் போகவே கூடாது.

பிளந்த வேர்ப்பகுதியில் பொய்க்குழலுக்குள், அதாவது பிளந்த அடுக்குகளுக்கு நடுவே உண்டான இடத்துக்குள், பசை விடுவது தனிக் கலை. ரத்தம் இயல்பாக ஓடும் மெய்க்குழலுக்குள் ஈரப் பஞ்சையோ பலூனையோ வைத்து விரித்து, இதயத்துக்கே ரத்தம் தரும் கொரோனரி நாளங்களின் வாய்களை மறைத்து, வால்வு இதழ்கள் மேல் சொட்டாமல் காத்து, அடியிலிருந்து மேலாகச் சிறிதளவே நிரப்பவேண்டும். பொங்கி வழிந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். வழிந்ததை இறுகியபின் கத்தரிக்கலாம். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் இழுபட்டுப் பரவும். இதயத்திலிருந்து விலகிய தொலைவுப் பக்கத்தில் இதே வேலையைச் செய்வதில் எனக்கு உடன்பாடு குறைவு. பொய்க்குழலுக்குக் கீழே எங்கேனும் ஒரு திறப்பு இருந்தால், மேலே அழுத்தி ஊற்றும் பசை கீழே மெய்க்குழலுக்குள் புகுந்து, கால் நாளத்துக்கோ குடல் நாளத்துக்கோ போய்ச் சேரும். அந்தத் திறப்பு எங்கே என்பது மேசையில் தெரியாது. வெளியுறையை உள்ளே மடித்துத் தைப்பதோ, உள்ளும் புறமும் ஃபெல்ட் பட்டை வைத்துத் தைப்பதோ நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் நகர்ந்து போகாது.

தப்பான இடத்தில் பசை

உள்ளே போன துணுக்கு எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்து அடையாளம். வலது கொரோனரியில் நின்றால், இயந்திரத்திலிருந்து இறக்கும்போது வலது வென்ட்ரிக்கிள் தள்ளாடும், ஈசிஜியில் கீழ்ப்பக்க லீடுகளில் எஸ்டி தூக்கும். காற்று போயிருந்தாலும் இதே படம்தான். வித்தியாசம் என்னவென்றால் காற்று சில நிமிடத்தில் விலகும், பசை விலகாது. இறங்க மறுக்கும் இதயத்துக்குப் பைபாஸ் ஒட்டு போடுவதைத் தள்ளிப்போடக்கூடாது. உலோக வால்வில் நின்றால் ஓர் இதழ் அசையாது; எக்கோவில் பார்க்கலாம். காலில் நின்றால் நாடி கிடைக்காது, தொடை நாளத்தைத் திறந்தால் மஞ்சள் ரப்பர்த் துண்டாக வெளியே வரும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு அது அசையாது.

வெளியே போன பசைக்கு நரம்புகள் இலக்கு. உதரவிதான நரம்பு இதய உறையின் மேல் ஓடுகிறது. விலங்குச் சோதனைகளில் பசை பட்ட நரம்பு செயலிழந்தது. நோயாளியிடம் இது இப்படித் தெரியும்: எல்லா எண்களும் நன்றாக இருக்கும், ஆனால் வென்டிலேட்டரிலிருந்து பிரிக்க முடியாது, எக்ஸ்ரேயில் ஒருபக்க உதரவிதானம் மேலே ஏறி நிற்கும். வளைவுப் பகுதியில் குரல் நாண் நரம்பு பட்டால் குரல் கம்மும், விழுங்கும்போது புரையேறும். மேற்பெருஞ்சிரையும் வலது ஏட்ரியமும் சேரும் இடத்தில் உள்ள, இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவும் தப்பாது. தடுப்பு எளிது: பூசும் இடத்தைச் சுற்றி ஈரக் காஸ் துணியை விரித்து, 2 நிமிடம் கழித்து எடுத்துவிடவேண்டும். எளிதானது என்பதாலேயே அவசரத்தில் விட்டுப்போகிறது.

கோசீலின் குறும்பு வேறு. அது 24 மணி நேரத்துக்குள் தன் கன அளவில் நாலு மடங்கு வரை வீங்கக்கூடும். புதிதாகத் தைத்த கொரோனரி வாயின் பக்கத்தில் தாராளமாகப் பீய்ச்சிவிட்டு மார்பை மூடினால், மறுநாள் அது நாளத்தை வெளியிலிருந்து அழுத்தலாம். ஃபைப்ரின் பசையை வாயு அழுத்தத்தில் தெளிப்பவர்கள், உற்பத்தியாளர் சொன்ன தூரத்தையும் அழுத்தத்தையும் மீறக்கூடாது. மீறினால் வாயு நாளத்துக்குள் புகுந்து உயிரை எடுக்கும். அப்படி நடந்தபின்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எச்சரிக்கை வந்தது.

வருடங்கள் கழித்து ஸ்கேனில்

பயோகுளூ முழுதாகக் கரைந்துபோவதில்லை. வருடங்கள் கழித்து நடக்கும் மறு அறுவையிலும் கட்டியாக அப்படியே கிடைக்கிறது. சுற்றிலும் உடல் அன்னியப்பொருளுக்குச் செய்யும் நீடித்த அழற்சி இருக்கும். சிலருக்குக் கிருமியே இல்லாத சீழ்போன்ற திரவமும் சேரும். இங்கேதான் கண்டறிவதில் குழப்பம். சிடியில் குழாயைச் சுற்றி ஏதோ சேர்ந்திருப்பதாகத் தெரிகிறது. பெட் ஸ்கேனில் அந்த இடம் பளிச்சென்று ஒளிர்கிறது. அறிக்கையில் 'கிராஃப்ட் தொற்று இருக்கலாம்' என்று வருகிறது. காய்ச்சல் இல்லை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி ஏறவில்லை, ரத்த வளர்ப்பில் கிருமி இல்லை என்றால், பசை என்ற சாத்தியத்தை முதலில் எடைபோடவேண்டும். தொற்று என்று முடிவு கட்டிப் பெருந்தமனிக் குழாயை மாற்றப் போவது மிக ஆபத்தான அறுவை. மறுபக்கமும் உண்மைதான்: பசைக்குள் ரத்தம் போகாது, ஆகவே நிஜத் தொற்று அங்கே குடியேறினால் ஆன்டிபயாட்டிக்கும் போய்ச் சேராது. அழற்சிக் குறியீடுகளும் ஒளிர்வும் மாதத்துக்கு மாதம் கூடுகின்றனவா, ஒரே நிலையில் நிற்கின்றனவா என்பதை வரிசையாகப் பார்க்கவேண்டும். ஒரே ஒரு ஸ்கேனை வைத்து முடிவெடுக்கும் கேள்வி அல்ல இது.

ஸ்கேனைப் படிக்கும் ரேடியாலஜிஸ்டுக்குப் பசை போட்டது தெரியாவிட்டால் இவை எதுவும் நடக்காது. அறுவை நடந்தது அவுட்ரமில் உள்ள தேசிய இதய நிலையத்தில், ஸ்கேன் எடுப்பது வேறொரு பொது மருத்துவமனையில், இடையில் நோயாளி சென்னைக்குப் போய் அங்கே ஒரு ஸ்கேன் எடுத்திருக்கிறார் என்பது நம்மவர்களிடம் சாதாரணமான நிலைமை. ஹெல்த்ஹப் செயலியில் பரிசோதனை முடிவு இருக்கும்; ஆனால் எந்தப் பசை எந்த இணைப்பில் எத்தனை மில்லி என்பது இருக்கும் என்று எண்ண வேண்டாம். வீடு திரும்பும் முன் அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் பசையின் பெயர், தொகுதி எண், பூசிய இடம் மூன்றும் இருக்கவேண்டும். மறு அறுவை என்று வந்தால் இந்த மூன்று தகவலும் மருத்துவருக்கு மிகப்பெரிய உதவி. மார்பெலும்பை அறுக்கும் முன்பே தொடையிலோ தோள்பட்டைக்குக் கீழேயோ இயந்திரத்தை இணைத்துவிடலாமா என்பதை அவர் முடிவு செய்ய அது பயன்படும்.

திட்டமிட்டுச் செய்யும் அறுவை என்றால் முன்கூட்டியே கேட்கவேண்டிய இன்னொன்று உண்டு. தமிழ்க் குடும்பங்களில் இது கேட்க நினைத்துக் கேட்காமல் விடப்படும் கேள்வி. பயோகுளூவில் இருப்பது மாட்டு ஆல்புமின். ரத்தத்தை நிறுத்தப் பூசும் ஜெலட்டின் பொருட்களில் ஃப்ளோசீல் மாட்டிலிருந்தும் சர்ஜிஃப்ளோ பன்றியிலிருந்தும் வருகின்றன. இந்துக் குடும்பத்துக்கு ஒன்றில் தயக்கம் இருக்கலாம், முஸ்லிம் குடும்பத்துக்கு மற்றதில். கோசீலில் விலங்குப் பொருள் இல்லை; ஃபைப்ரின் பசையில் மனிதப் பிளாஸ்மா. "டாக்டர், மாட்டுப்பொருள் எதுவும் போடுவீங்களா, வேற வழி இருக்கா?" என்று ஒப்புதல் படிவம் கையெழுத்தாகும் நாளில் நேராகக் கேட்கலாம். மாட்டுப் புரதத்துக்கு ஒவ்வாமை இருந்தால் அது விருப்பம் சார்ந்த விஷயமே இல்லை; பயோகுளூ போடவே கூடாது. நெஞ்சு பிளப்பதுபோன்ற வலியோடு 995 ஆம்புலன்ஸில் வரும் நோயாளிக்கு இந்தப் பேச்சுக்கெல்லாம் நேரம் இருக்காது. பெருந்தமனி விரிந்திருப்பது ஏற்கெனவே தெரிந்து கண்காணிப்பில் இருப்பவர்கள் அடுத்த கிளினிக்கிலேயே கேட்டு, பதிலைக் கோப்பில் எழுதச் சொல்லிவிடுவது உத்தமம்.

வீட்டில் கவனிக்கவேண்டியவை: சில நாளாகத் தணியாத காய்ச்சல், மார்பெலும்புத் தழும்பில் கசிவு, புதிதாகக் குரல் கம்முவது, படுத்தால் மூச்சு வாங்குவது, ஒரு கால் சில்லிட்டுப் போவது. கடைசி இரண்டும் திடீரென்று வந்தால் பாலிகிளினிக் சந்திப்புக்குக் காத்திருக்கக்கூடாது, ஆம்புலன்ஸ்தான்.

சிக்கலுக்குப் பசையே காரணம் என்று தெரிந்தால், அதைச் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு, அதாவது எச்எஸ்ஏவுக்குத் தெரிவிக்கும் வழி உண்டு. சாதனத்தைப் பதிவு செய்தவரும் இறக்குமதியாளரும் பொதுச் சுகாதாரத்துக்குக் கடும் ஆபத்து என்றால் 48 மணி நேரத்துக்குள், மரணம் அல்லது உடல்நிலை கடுமையாக மோசமானது என்றால் 10 நாளுக்குள், மறுபடி நடந்தால் அப்படி ஆகக்கூடிய நிகழ்வு என்றால் 30 நாளுக்குள் அறிக்கை தரவேண்டும். மருத்துவரோ நர்ஸோ நேரடியாகவும் தெரிவிக்கலாம். மறு அறுவையில் எடுத்த பசைக்கட்டியைக் குப்பையில் போடாமல், ஒரு பாதியை நுண்ணுயிரியலுக்கு உலர்வாகவும், இன்னொரு பாதியைப் பேதாலஜிக்கு ஃபார்மலினிலும் அனுப்புங்கள். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி வளர்ப்புக்கு மிஞ்சுவது எதுவுமில்லை.